ஊட்டியின் மூன்றாவது சீசன்

ஊட்டிக்கு இரண்டு சீசன் என்பது வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று, மலர்க் காட்சியோடு. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, கூட்டம் கொஞ்சம் குறைவு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது எனக்கும் என்னைப் போன்ற சில வாத்தியார்களுக்கும் மட்டும் தெரிந்தது. ஐப்பசி மழையில் தொடங்கி, புல்லில் உறைபனி விழும் வரை நீளும். பரிந்துரைக் கடித சீசன்.

மலையில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் கௌரவ விரிவுரையாளர். ('கௌரவ' என்ற சொல்லைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம்.) இந்த மாதங்களில் லேப் வாசலில் யாராவது ஒரு பிள்ளை குடையை மடக்கியபடி நிற்கும். "மேம், ஒரு லெட்டர் வேணும்." எதற்கு என்று கேட்டால் போனை நீட்டும். போனில் ஓர் அறிவிப்பு, அதில் ஒரு கடைசித் தேதி. அந்தத் தேதி பெரும்பாலும் அதே வாரத்தில் இருக்கும்.

அதிகம் வருவது கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு. நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்துவது. தேர்வானால் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியின் கீழே வேலை செய்யலாம். மாதம் உதவித்தொகை உண்டு, ரயில் செலவும் உண்டு. விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்பார்கள். நீ என்ன செய்ய விரும்புகிறாய் என்று சின்னதாக ஒரு குறிப்பு எழுதச் சொல்வார்கள். அப்புறம் உன்னை அறிந்த ஆசிரியர் ஒருவரின் கடிதம். மதிப்பெண் ஏற்கெனவே வாங்கியாயிற்று, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பைப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். கடிதம்தான் அவர்கள் கையில் இல்லாத விஷயம். அது என்னைப் போன்ற ஒருவரின் மேசையில், உள்மதிப்பீட்டுத் தேர்வு விடைத்தாள்களுக்கு அடியில் கிடக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த வாசலில் குடையோடு நின்றவள்தான்.

2009 நவம்பர். நீலகிரியில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மண் சரிந்து வீடுகள் போயின, ஆட்கள் போனார்கள், ரோடு பல இடங்களில் அறுந்து தொங்கியது. எங்கள் வீடு முத்தோரை பாலாடா பக்கம். அப்பா கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் பிக்கப் ஓட்டுநர். ரோடு இல்லாததால் வண்டி வாசலிலேயே நின்றது. கரண்ட் இல்லை. இரவில் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர்தான் துணை. பகலில் கரகரவென்று இரண்டு நிலையம் எடுக்கும். இருட்டினால் அதே பெட்டியில் எந்தெந்த ஊரோ பேச ஆரம்பித்துவிடும், புரியாத மொழியில் பாட்டு வரும்.

நான் அப்போது பி.எஸ்சி. இரண்டாம் வருடம். இந்த உதவித்தொகை பற்றிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பார்க்கவில்லை. பழைய பேப்பர் கடையில் புரட்டிய ஒரு பத்திரிகையில் பார்த்தேன். குறிப்பு எழுத வேண்டும், என்ன எழுதுவது? மெழுகுவத்தி வெளிச்சத்தில் டிரான்சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இது ஏன் ராத்திரியில் மட்டும் தூரத்தைக் கேட்கிறது? பாடப் புத்தகத்தில் அயனிமண்டலம் என்று, காற்று மண்டலத்தின் உயரத்தில் இருக்கும் மின்னேறிய அடுக்குகளைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. பகலில் வெயிலால் உண்டாகும் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது, இரவில் அந்த அடுக்கு கரைந்துபோக, அலை மேலடுக்கு வரை போய்த் திரும்பி வருகிறது. அதையே எழுதினேன். 'எங்கள் ஊரில் மலை குறுக்கே நிற்கிறது, ஆனாலும் ராத்திரி கேட்கிறது' என்று என் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது நினைவிருக்கிறது.

கடிதம் வாங்கப் போனேன். நான் படித்த கல்லூரியில் அனுபவமுள்ள பேராசிரியர் ஒருவர். அறிவிப்பை முழுக்கப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்கும்மா. நீ பி.எட். முடிச்சு டீச்சராகப் பாரு." கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறையை எப்படி எதிர்ப்பது என்று பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. (டீச்சராகித்தான் இருக்கிறேன் என்பது வேறு கதை.)

கடைசியில் கையெழுத்துப் போட்டவர் மதுரையிலிருந்து வந்து அந்த ஆண்டு மட்டும் எங்களுக்கு மின்னணுவியல் எடுத்த ஒரு தற்காலிக ஆசிரியர். ஊருக்குப் போகும் அவசரத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். பெட்டி மேல் தாளை வைத்து, மழை படாமல் நான் குடை பிடிக்க, அவர் எழுதினார். 'இந்தப் பெண் செய்முறை வகுப்பில் கேள்வி கேட்கிறாள், பதில் தவறாக இருந்தால் மறுபடியும் அளக்கிறாள்.' இன்று நான் எழுதும் கடிதங்களில் 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று வரும்போதெல்லாம் அந்த வரியை நினைத்து அடித்துவிட்டு, அந்தப் பிள்ளை உண்மையில் என்ன செய்தது என்று யோசித்து எழுதுகிறேன்.

அகமதாபாத் கிடைத்தது. இயற்பியல் ஆய்வகம். விக்ரம் சாராபாய் 1947-இல் தொடங்கியது. முதல் இயக்குநர் கே.ஆர். இராமநாதன், பாலக்காட்டுக்காரர். வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் கருத்துச் சொன்னார்கள். அப்பா கேட்டது ஒன்றுதான்: "அங்க சோறு கெடைக்குமா?"

சோறு கிடைத்தது, பருப்பில் வெல்லம் போட்டிருந்தார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம். நான் போன மே மாதம் 2010 மே. அந்த மாதம் 21-ஆம் தேதி அகமதாபாத்தில் 46.8 டிகிரி. இருபது டிகிரிக்கு மேல் போனாலே ஃபேன் எங்கே என்று தேடும் ஊரிலிருந்து போனவள் நான். பெட்டியில் அம்மா வைத்திருந்த ஸ்வெட்டரைத் திறந்து பார்க்கவே பயமாக இருந்தது. விடுதியிலிருந்து ஆய்வகத்துக்கு நடக்கும் தூரத்தில் செருப்பு தாரில் ஒட்டும். மோர் விற்பவரிடம் சாஸ் என்று கேட்கப் பழகியதுதான் அந்த இரண்டு மாதத்தில் நான் கற்ற முதல் குஜராத்தி.

அயனிமண்டலம் கேட்டேன், சூரியக் காற்று கிடைத்தது. முதல் நாள் வழிகாட்டி என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு ஊர்ப் பெயரைப் பார்த்தார். "ஊட்டியா? அப்படியென்றால் ரேடியோ தொலைநோக்கியை நீ உள்ளே போய்ப் பார்த்திருப்பாயே?"

பார்த்திருக்கிறேன் என்றேன். உள்ளே போய் அல்ல.

முத்தோரை மலைச்சரிவில் அது படுத்துக் கிடக்கும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அப்பாவின் வண்டியில் போகும்போது எல்லா வளைவிலும் தெரியும். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'பெரிய ஆன்டெனா'. டி.வி. படம் தெளிவாகத் தெரியாவிட்டால் அதைத் திட்டுவோம். பள்ளியிலிருந்து ஒரு தடவை கூட்டிப் போனார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

அதைப் பற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நாற்பத்தாறு டிகிரியில், ஒரு வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினார்கள். அந்தச் சரிவு தற்செயல் இல்லையாம். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொரு டிகிரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ பதினொரு டிகிரி சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேல் தொலைநோக்கியைக் கிடத்தினால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியும் அவரது இளம் குழுவும் அந்தச் சரிவைக் கண்டுபிடித்து, 1970-இல் தொலைநோக்கியை ஓட வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாதது இது. நாங்கள் நின்று எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட மேடே அந்தக் கருவியின் ஒரு பாகம்.

என் வேலையும் அதோடுதான். நட்சத்திரம் மினுக்குவது நம் காற்று மண்டலத்தால் என்று எல்லாருக்கும் தெரியும். அதேபோல வெகு தூரத்தில் ரேடியோ அலை வீசிக்கொண்டிருக்கும் சின்ன மூலங்களும் மினுக்கும். அவற்றை மினுக்க வைப்பது சூரியனிலிருந்து வீசும் காற்று. மினுக்கலை அளந்தால் சூரியக் காற்றின் வேகத்தை மதிப்பிடலாம். ஊட்டித் தொலைநோக்கியில் இந்த அளவீடு பல ஆண்டுகளாக நடக்கிறது. வளைவரை வரைந்து, வேகம் கணக்கிட்டு, தப்பாக வந்து, மறுபடியும் வரைந்து இரண்டு மாதம் போனது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நான் செய்யவில்லை. ஜூலையில் திரும்பி வந்து அப்பாவின் வண்டியில் அந்த வளைவைத் தாண்டும்போது, "இது டி.வி.யைக் கெடுக்கிறதில்லப்பா" என்றேன். அவர் கியரை மாற்றிவிட்டு, "தெரியும், கேபிள்காரன்தான்" என்றார்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள், வளைவுகளில் தலை சுற்றி முதல் பீரியட் முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். குறிப்பு எழுதி எடுத்து வந்தாள். 'சிறு வயது முதலே அறிவியலில் தீராத ஆர்வம்' என்று தொடங்கியது. எங்கிருந்தோ எடுத்தது. கிழித்துப் போட்டுவிட்டு, "உங்க வீட்டுல ஆர்வமா கவனிக்கிற ஒரு விஷயம் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "பனி மேம். மேட்டுல இருக்கிற தேயிலை தப்பிச்சிரும். பள்ளத்துல இருக்கிறதுதான் கருகும். மேடுதானே குளிரா இருக்கணும்?"

அருமையான கேள்வி. தெளிந்த வானம் இருக்கும் ஜனவரி இரவுகளில் நிலம் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் அவளுடைய அப்பா பள்ளத்துச் செடிகளுக்கு மட்டும் தழை வெட்டிப் போட்டு மூடுகிறார். 'நாலு வெப்பமானிகளை நாலு உயரத்தில் வைத்து ஒரு மாதம் அளக்க விரும்புகிறேன்' என்று முடித்தாள். நான் படித்த மாணவர் குறிப்புகளில் மிகச் சிறந்தது அதுதான்.

என் பெயரைப் பரிந்துரையாளராகக் கொடுத்தாள். இப்போதெல்லாம் தாள் இல்லை, ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வரும், அதைத் திறந்து கடிதத்தை ஏற்ற வேண்டும். வரும், பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் இருந்தேன். உள்மதிப்பீடு, விடைத்தாள், நடுவில் மூன்று நாள் மழை, இணையம் இல்லை. திங்கட்கிழமை எதற்கோ ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். இணைப்பு அங்கே கிடந்தது. கடைசித் தேதி வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். எழுதினேன். கதவு மூடியிருந்தது, அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஸ்பெக்ட்ரோமீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு அவளிடம் சொன்னேன். "பரவால்ல மேம்" என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். எனக்கு 'இதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்கு' என்று சொன்ன அந்தப் பேராசிரியர் மேல் பத்து வருடம் மனக்குறை வைத்திருந்தேன். அவராவது முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னார், நான் வேறு ஆளைத் தேடிப் போக முடிந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டு அவளைக் கைவிட்டேன். எது மோசம் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்தேன். எந்த வாய்ப்பு எந்த மாதம், யாருக்கு, யார் கேட்டார்கள், இணைப்பு வந்ததா. அதை வைத்துத் தேடியபோதுதான் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. கணிதப் பிள்ளைகளுக்கு எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி 1993 முதல் நடக்கிறது.  அங்கே விரிவுரை கேட்டு எழுதுகிற வேலை இல்லை, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு உன்னையே தேற்றத்துக்கு அழைத்துப் போவார்கள். போய்வந்த ஒரு பையன் அப்புறம் என் வகுப்பில் "ஏன்?" என்று கேட்டுக் கேட்டே என்னை வறுத்தெடுத்தான். பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு அந்த இருபதாயிரம் எதற்கு என்று தெரியாது, சொல்லத் தெரிந்த ஆசிரியர் இல்லாததுதான் காரணம். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். இதை நான் அதிகம் தள்ளுவதில்லை. சிக்னலுக்காகப் பிள்ளைகள் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று வீடியோ பார்ப்பதைக் கண்டபின் மனசு வரவில்லை.

கோத்தகிரியில் நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. அங்கே கீஸ்டோன் என்ற அமைப்போடு சேர்ந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் தன் இளநிலை மாணவர்களை ஒரு செமஸ்டர் படிக்க அனுப்பியது. அவர்கள் இங்குள்ள பழங்குடி இளைஞர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஜோடி சேர்ந்து கிராமங்களில் ஆய்வு செய்தார்கள். கொஞ்சம் தமிழும் கற்றார்கள். நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு பிள்ளை தேனைப் பற்றிப் படிக்கக் கோத்தகிரிக்கு வந்தது. கோத்தகிரிப் பிள்ளை ஊட்டித் தொலைநோக்கிக்குள் போவதற்கு வழி தெரியாமல் நிற்கிறது. இதில் யாரையும் குறை சொல்லவில்லை, பஸ்ஸில் போகும்போது தோன்றும், அவ்வளவுதான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் மே மாதம் நடக்கும் கோடைப் பள்ளியும் நோட்டில் இருக்கிறது. 1899-இல் நிறுவிய இடம். 1909-இல் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலுக்குப் போக ஆசைப்படும் ஊட்டிப் பிள்ளைகளிடம், "ஒரு மலையிலிருந்து இறங்கி இன்னொரு மலை ஏறணும், வாந்தி மாத்திரை எடுத்துக்கோ" என்பது என் நிரந்தர ஆலோசனை.

மஞ்சூர்ப் பெண்ணுக்கு வருவோம். அடுத்த வருடம் முத்தோரையிலேயே, பல்சர்களை, அதாவது சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திரங்களை, மாணவர்களே நோக்கிப் பழகச் சில நாள் பயிற்சி ஒன்று அறிவித்தார்கள். ரேடியோ வானியல் மையம் நடத்துவது. விண்ணப்பத்தை லேப்பில் என் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொன்னேன். அனுப்பியாச்சா, அனுப்பியாச்சா என்று நான் மூன்று தடவை கேட்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிடைத்தது. நாடெங்கிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு அவளும் அந்தக் கம்பி வேலிக்குள் போனாள்.

இரண்டாம் நாள் இரவு போன் வந்தது. "மேம், வேலா பல்சர் பார்த்தோம். ஒரு செகண்டுக்குப் பதினோரு தடவை சுத்துது. அதை ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"பாலாடாவுல கேரட் கழுவுற மெஷின் இருக்குல்ல மேம், அந்த டீசல் மோட்டார் மாதிரி."

வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம், ஊரளவு உருண்டை, அதன் சத்தத்தை நான் என் பிறந்த வீட்டிலிருந்து விடியற்காலை இரண்டு மணிக்கெல்லாம் கேட்டிருக்கிறேன் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை. ஸ்வெட்டர் போட்டிருக்கியா என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

அவள் இப்போது எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேறு ஊரில் இருக்கிறாள். வெப்பமானி வைத்து அளக்கும் வேலை நடக்கவே இல்லை. அந்தக் குறிப்பின் பிரதி என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அவளிடம் கேட்டுத்தான் ஒட்டினேன்.

இந்த வருடம் இதுவரை ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். நாலு கடிதம் ஏற்றியாயிற்று. ஐந்தாவது பையனின் இணைப்பு வரவில்லையே என்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடையில் ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். லாட்டரிப் பரிசுக்கும் முடி வளரும் எண்ணெய்க்கும் நடுவில் கிடக்கிறது. நாளைக்குக் கடைசித் தேதி. வெளியே மழை வலுக்கிறது, கரண்ட் போவதற்குள் எழுதி ஏற்றிவிட்டு வருகிறேன்.